துடைப்பக்காவின் பரண்

துடைப்பக்கா என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. அதை எழுப்பி வேலை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்கிற கடைக்கும் போட்டோ பிரிண்ட் போடுகிற கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. மாடியில் வீடு. கடைக்குள் இரண்டு ஸ்டூல். ஒன்றில் அவள் கணவர், கண்ணில் பூதக்கண்ணாடியைக் கவ்வக் கொடுத்துவிட்டுக் குனிந்திருப்பார். உடைந்த கண்ணாடி, உப்பிப்போன பேட்டரி, வாளித் தண்ணீரில் முக்குளித்து எழுந்த ஸ்பீக்கர் எல்லாம் அவர் இலாகா. இன்னொரு ஸ்டூல் துடைப்பக்காவுடையது. போனுக்கு உள்ளே சேர்ந்த குப்பையை அள்ளிக் கொட்டுவது அவள் இலாகா. கணவர் ஒரு போனைச் சரிசெய்யும் நேரத்தில் அவள் நாலு பேருடைய போனைக் கழுவி ஊற்றிவிடுவாள்.

வந்து நிற்கிற முகத்தைப் பார்த்தே அவளுக்கு வியாதி தெரியும். போன வாரம் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார்.

"மாப்பிள்ளை அனுப்பற போட்டோ எதுவும் இறங்க மாட்டேங்குதும்மா. இடமே இல்லங்குது."

துடைப்பக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அறிக்கை வாசித்தாள். "மாப்பிள்ளை போட்டோ பன்னெண்டு. 'இனிய காலை வணக்கம்' போட்ட ரோஜாப்பூ ஏழாயிரத்து நானூறு. எதை அழிக்கட்டும்?"

தபால்காரர் கலங்கிப்போனார். "ரோஜாவ அழிச்சா, அனுப்புனவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

நாற்பது வருடம் அடுத்தவர் கடிதத்தை உரியவரிடம் சேர்த்த மனுஷன். தனக்கு வந்ததைக் குப்பையில் போட அவருக்குக் கை வரவில்லை. துடைப்பக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஏழாயிரத்து நானூறு ரோஜாவும் ஒரே தட்டில் போய்ச் சேர்ந்தன. தபால்காரர் ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தொழிலில் அவள் நேர்மையானவள். வாசிக்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் அடுத்தவர் போனைக் கையில் எடுப்பாள். பெரிய எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. "நான் அளவத்தான் பாப்பேன், விஷயத்தப் பாக்க மாட்டேன்" என்பாள். தெரு அவளை நம்பியது.

குப்பை என்றால் படமும் வீடியோவும் மட்டுமா? மனிதர்கள் இருக்கிறார்களே. ஒரு நாளைக்கு நாலு வாய்ஸ் மெசேஜ், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம் என்று அனுப்புகிற சம்பந்தியை எப்படி அழிப்பது? அறுபத்து நாலு பேர் சேர்ந்து தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்று இரண்டு வருடமாக விவாதிக்கிற குடியிருப்போர் குரூப்பை என்ன செய்வது? மேனேஜர் "நன்று" என்று ஒரு வார்த்தை போட்டதும் முப்பது பேர் வரிசையில் வந்து கும்பிடு போடுகிற ஆபீஸ் குரூப் வேறு இருக்கிறது. பிளாக் செய்தால் சண்டை. குரூப்பை விட்டு வெளியேறினால், "ஏன் போனார், யார் என்ன சொன்னது" என்று அதற்கொரு தனி குரூப் ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்குத் துடைப்பக்கா ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆர்கைவ் என்று போனில் இருப்பதற்கு அவள் வைத்த பெயர் பரண்.

"மொதல்ல சத்தத்த அடைச்சிடுங்க. அப்புறம் தூக்கிப் பரண்ல போடுங்க. கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேக்காது. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை எறக்கி, கடைசியா வந்த மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் போட்டுட்டு மறுபடி ஏத்திடுங்க. படிக்கணும்னு அவசியமே இல்ல. அவங்களுக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆச்சு, நமக்கு நிம்மதியும் ஆச்சு."

வைத்தியம் பலித்தது. பக்கத்துச் சாவிக் கடைக்காரர் தன் மாமனாரைப் பரணில் ஏற்றி ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் மனஸ்தாபமே இல்லை. "முன்ன மாதிரி இல்ல, மருமகன் இப்பல்லாம் என் பேச்சுக்கு மறுபேச்சே பேசறதில்ல" என்று மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டுக்கொள்கிறாராம்.

இப்படிப்பட்டவளுடைய சொந்த போன் எப்படி இருக்கும்? துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருக்கும். ஒரு குரூப் கிடையாது. நாலே நாலு பேர். கணவர், உதிரி பாகம் கொடுக்கிற மொத்தக் கடை, தண்ணீர் கேன் போடுகிறவர். எல்லாருக்கும் மேலே மகள்.

மகள் ஒரே பிள்ளை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு ஊரில், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் சொல்கிற வேலை. சின்ன வயதில் அவள் வாயை மூட வைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரை சொல்லி முடித்துவிடுவாள். அவளிடமிருந்து இப்போது வருவது வாரத்துக்கு ஒரு கட்டைவிரல்.

அதுவும் சரியாக ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும்.

"வாரமெல்லாம் நிக்கிற வேலை, பாவம். ஞாயித்துக்கெழமைதான் அவளுக்குப் போனத் தொடவே நேரம் கெடைக்குது" என்று துடைப்பக்கா கணவரிடம் சொல்வாள். அவர் பூதக்கண்ணாடியை எடுக்காமலே "ம்" என்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரோ அனுபவப்பட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே அப்படிச் சொன்னாலும் உள்ளே அவளுக்கு வலித்தது. மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விட்டு விலகிப் போகிறாளோ என்று பயமாக இருந்தது. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் இடைவெளியில் தன் போனை எடுத்து, சாம்பல் நிற டிக் நீலமாகிவிட்டதா என்று பார்ப்பாள். ஆகியிருக்காது. உடனே இன்னொரு மெசேஜ் அனுப்புவாள். பயத்துக்கு அவள் கண்ட மருந்து அதுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு வேளை.

அவள் ரோஜாப்பூ அனுப்புகிற ஜாதி இல்லை. எல்லாம் சொந்தக் கையால் எழுதிய உபயோகமான விஷயம். சார்ஜ் எண்பதைத் தாண்ட விடாதே. தெரியாத லிங்க்கைத் தொடாதே. நேற்று வைத்த புரொஃபைல் போட்டோவில் பின்னால் கொடித்துணி தெரிகிறது, எடுத்துவிடு. எடுத்தியா? இதையெல்லாம் குப்பை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது அவள் கட்சி.

ஒரு வியாழக்கிழமை மகள் மூன்று நாள் லீவில் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் கைதவறி விழுந்து, கண்ணாடி சிலந்தி வலையாகியிருந்தது. ஆனாலும் அதை வைத்தே கடைக்கு அழைத்து "வந்துட்டேன்ப்பா" என்று சொல்லியிருந்தாள். "நாளைக்குக் காலைல மாத்திடறேன்" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் மகள் மாடியில் படுத்திருந்தாள். கீழே கடையிலிருந்து துடைப்பக்கா அவளுக்கு ஐந்து மெசேஜ் அனுப்பினாள். குளிச்சியா என்பது ஒன்று. ஃபேனைக் குறைச்சு வை என்பது இன்னொன்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கணவர் பழைய கண்ணாடியைச் சூடு காட்டிப் பிரித்து, புதியதைப் பொருத்தினார். பசை போடுவதற்கு முன்னால் டச் வேலை செய்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பசை போட்ட பிறகு குறை தெரிந்தால் மறுபடி பிரிக்கும்போது புதுக் கண்ணாடியும் போய்விடும். அதற்குள் மொத்தக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. தப்பாக வந்த பாகத்தைப் பன்னிரண்டுக்குள் கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவார்களாம்.

"நீ டச் மட்டும் பாத்து வச்சிடு. மேல் ஓரம்தான் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. லாக் எடுத்துத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மேல் ஓரத்தைச் சோதிக்க நீளமான பட்டியல் ஏதாவது வேண்டும். அதை இழுத்து, உச்சியில் வருகிற வரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். போனில் எல்லாரிடமும் இருக்கிற நீளமான பட்டியல் வாட்ஸ்அப்தான். அவள் வழக்கமாக அதைத்தான் திறப்பாள். முடி மாதிரிக் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்ததால் அன்றைக்குக் கண்ணாடி நெற்றியில் இல்லை, கண்ணில் இருந்தது.

பட்டியலின் தலையில் 'அப்பா' என்று பின் குத்தி வைத்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று அவளே பிறகு சொன்னாள், நாமும் நம்பிவைப்போம். பட்டியலைக் கீழே இழுத்தாள். உச்சியில், சந்தேகத்துக்குரிய அதே ஓரத்தில், ஆர்கைவ் என்கிற வரி வந்து நின்றது. தட்டினாள். டச் பிரமாதமாக வேலை செய்தது.

மகளின் பரணில் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் 'ஹவுஸ் ஓனர் குரூப்'. நடுவில் 'அம்மா'. கடைசியில் 'பழைய கடை மேனேஜர்'. அம்மாவுக்குப் பக்கத்தில் மணியைக் குறுக்கே அடித்துப்போட்ட படம். அதற்குப் பக்கத்தில், படிக்காதவை நாற்பத்தொன்று.

கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பரணில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்களிடம் வாடிக்கையாளர்கள் சொல்கிற சமாதானம் அது. ஆனால் கை தவறினால் ஒரு முறை தவறும். சத்தத்தை அடைத்து, பரணில் ஏற்றி, வாராவாரம் ஞாயிறு ஒன்பது மணிக்கு இறக்கித் தூசி தட்டுவதற்குக் கை தவறினால் மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கு அதிகம். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்ததும் இவள்தான்.

தெருவுக்கெல்லாம் வைத்தியம் சொன்னவள், தானே ஒருத்தியின் வியாதி என்று தெரிந்துகொண்டு நின்றாள். அதுவும் ஹவுஸ் ஓனருக்கும், முன்பு மகளை வேலையை விட்டுத் துரத்திய மேனேஜருக்கும் நடுவில்.

அடுத்தவர் போனில் எழுத்தைப் பார்ப்பதில்லை என்ற கொள்கை நினைவுக்கு வந்தது. 'நான் எழுதுனத நான் பாக்கறதுக்கு என்ன?' என்று கொள்கையை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, 'அம்மா'வைத் தட்டினாள்.

மேஜையில் அவளுடைய சொந்த போன், எப்போதும் போல மகளின் பக்கம் திறந்தபடி கிடந்தது. கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாம்பலாகக் கிடந்த டிக்கெல்லாம் மேலிருந்து கீழ் வரை நீலமாகியிருந்தன. அரை விநாடி அவள் நெஞ்சு துள்ளியது. 'பாத்துட்டா!'

பிறகுதான் அது யாருடைய கட்டைவிரல் என்று உறைத்தது. இவ்வளவு காலம் காத்திருந்த நீலத்தைத் தானே தனக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. கடையில் யாரும் இல்லையே என்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

திறந்தது திறந்தாயிற்று, படித்தாள். நாற்பத்தொன்றில் ஒன்பது, 'பாத்தியா?' பதினொன்று வெறும் கேள்விக்குறி. மற்றதெல்லாம் செய், செய்யாதே, எடு, வை. கடைசி ஐந்து, கீழிருந்து மாடிக்குப் போனவை. இதே போனை முகம் தெரியாத யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால், 'இந்தம்மாவப் பரண்ல போடுங்க, தங்கம் மாதிரி தூக்கம் வரும்' என்று யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

அப்புறம்தான் தொழில் பயம் பிடித்தது. நாற்பத்தொன்று என்ற எண் காணாமல் போய்விட்டது. 'படிக்காததாக மாற்று' என்று அழுத்தினால் வெறும் புள்ளிதான் வந்தது, எண் வரவில்லை. எண் வர வேண்டுமென்றால் இவள் போனிலிருந்து இன்னும் நாற்பத்தொரு மெசேஜ் அனுப்ப வேண்டும். அதையும் அவள் யோசித்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அனுப்புவதற்குள் மகள் ஈரத் தலையோடு மாடிப்படி இறங்கி வந்துவிட்டாள்.

"முடிஞ்சிடுச்சாம்மா? அப்பா எங்க?"

போனை வாங்கி இழுத்துப் பார்த்தாள். விரல் உச்சியில் போய் நின்றது. தட்டித் திறந்த பரணில் 'அம்மா'வுக்குப் பக்கத்தில் எண் இல்லை, புள்ளிதான் இருந்தது.

"பாத்துட்டியா?"

"டச் பாத்தேன். மேல் ஓரம் நல்லாத்தான் இருக்கு."

மகள் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கோவமா?"

"ஹவுஸ் ஓனருக்குக் கீழ வச்சிருக்கியேடி என்னைய!"

"ஐயோ, நானா வச்சேன்? கடைசியா யாரு எழுதறாங்களோ அவங்க மேல வருவாங்க. அந்தாளு உன்னவிட மோசம்மா. காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடுவாரு."

துடைப்பக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வர விடவில்லை. "அப்பாவ மட்டும் தலைல தூக்கி வச்சிருக்க?"

"அதையும் பாத்தியா?"

"மேல் ஓரத்தத்தானே பாக்கச் சொன்னாரு!"

மகள் புதுக் கண்ணாடியைப் பாவாடை நுனியால் துடைத்தபடி சொன்னாள். "அப்பா எழுதவே மாட்டாரும்மா. மத்தியானம் டீ குடிக்கப் போறேன்னு வெளிய வருவாரில்ல, அப்ப போன் பண்ணுவாரு. 'இன்னிக்கு எத்தனை பேருக்குக் கண்ணு பாத்த?' அவ்வளவுதான் கேப்பாரு. அப்புறம் நான் பாட்டுக்குப் பேசுவேன். அவரு 'ம்', 'ம்'னு கேட்டுட்டே இருப்பாரு."

மூன்று வருடமாகத் தினமும் அரை மணி நேரம் டீ குடிக்கிற மனுஷனைப் பற்றித் துடைப்பக்காவுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை வந்தது அவளுக்கு.

"எங்கிட்டயும் பேசலாமே. நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"எங்கம்மா பேச விடற? உங்கிட்ட ஏதாவது சொல்லலாம்னு போன எடுப்பேன். அதுக்குள்ள ஏழு மெசேஜ் வந்து நிக்கும். ஆமா, எடுத்துட்டேன், வச்சிட்டேன், தொடலன்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டு முடிக்கறதுக்குள்ள நான் சொல்ல வந்ததே மறந்துபோயிடும்." போனை மடியில் வைத்தாள். "திட்டணும்னா திட்டிடும்மா. இப்படி உக்காந்திருக்காத."

துடைப்பக்கா திட்டவில்லை. மேஜையில் திறந்து கிடந்த தன் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன்னால் மகள் போனை அவள் முகத்துக்கு நேரே காட்டி, "இதோ பாரு, எறக்கிடறேன்" என்றாள்.

"வேண்டாம், அங்கயே கெடக்கட்டும்" என்றாள் துடைப்பக்கா. "எறக்கிட்டன்னு தெரிஞ்சா நான் மறுபடி எழுத ஆரம்பிச்சிடுவேன்." தன்னைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளிலேயே உண்மையானது அதுதான்.

திங்கட்கிழமை விரல் அரித்தது. பேட்டரியைப் பற்றி ஒன்பது வரி எழுதி, அழித்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு கேள்விக்குறி போட்டு, அழித்தாள். புதன்கிழமை மத்தியானம் கணவர் வழக்கம்போல் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. இன்னிக்கு நான் டீ குடிக்கப் போறேன்."

அவர் அவளைப் பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. போட்டோக் கடையின் பந்தல் நிழலில் ஒதுங்கி நின்று மகளை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா? என்னாச்சு? அப்பாவுக்கு ஒண்ணுமில்லயே?"

அம்மா அழைத்தால் விபத்து என்றுதான் அர்த்தம் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். துடைப்பக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணுமில்லடி, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சும்மாதான். இன்னிக்கு எத்தனை பேருக்குக் கண்ணு பாத்த?"

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். "அது அப்பாவோட கேள்வி. காப்பியடிக்காத. நீ கேக்க வேண்டியத நீ கேளு."

துடைப்பக்கா யோசித்தாள். வாரத்துக்கு நாற்பதுக்குக் குறையாமல் எழுதியவளுக்கு, மகளிடம் கேட்பதற்கென்று சொந்தமாக ஒரு கேள்வி கிடைக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. அது ஓயும் வரை நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கத் தெரியலடி. உன் குரல் கேக்கணும் போல இருந்துச்சு, அவ்வளவுதான்."

மகளின் குரல் தாழ்ந்தது. "அம்மா, ஒரு பெரியவரு வந்து உக்காந்திருக்காரு. அவர அனுப்பிட்டு வந்துடறேன். வச்சிடாத. என்ன, வச்சிடாத."

போனை எங்கோ வைக்கிற சத்தம். நாற்காலி இழுபட்டது. கொஞ்சம் தள்ளி மகளின் குரல் கேட்டது. "மேலேர்ந்து படிங்க ஐயா... அவசரமே இல்ல, நிதானமா படிங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. இது தேவலையா, முன்ன போட்டது தேவலையா?" பெரியவர் ஏதோ சொன்னார். "சரி, மறுபடியும் போடறேன், பாருங்க." அவர் மாற்றி மாற்றிச் சொல்ல, அவள் ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே கேட்டாள். இத்தனை பொறுமை தன் வயிற்றில் எங்கிருந்து வந்து பிறந்தது என்று துடைப்பக்காவுக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே கண் கலங்கியது.

நிழல் நகர்ந்து பாதி முகத்தில் வெயில் விழுந்தது. கணவர் கடை வாசலுக்கு வந்து, உள்ளே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று விரலைக் காட்டினார். துடைப்பக்கா போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டு, சத்தம் போடாதீர்கள் என்று அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.